லீனேஜா, பிக்சல் எக்ஸ்பீரியன்ஸா?
அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டு போனில், கம்பெனி தந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இந்த இரண்டு ரோம்களில் எதைப் போடலாம், வங்கி ஆப் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிக்சல் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டாம். அந்தத் திட்டத்தை 2024-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய ஃபைல் எங்காவது கிடைக்கும், ஆனால் அதற்குப் புதிய பாதுகாப்பு பேட்ச் வராது. அதற்காகத்தானே ரோம் மாற்றுகிறீர்கள்?

லீனேஜ் தளத்தில் உங்கள் போனின் கோட்நேம், அதாவது அந்த மாடலின் உள்பெயர், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போனுக்கே இரண்டு மூன்று கோட்நேம் இருக்கும், கவனம். இருந்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள்.

வங்கி ஆப்தான் சிக்கல். ரோம் போட, போனை ஆன் செய்ததும் மென்பொருளை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்ததும், போனில் மாற்றம் செய்திருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாமல் போகலாம். சில ஆப் அதைக் கண்டுகொள்ளாது, சில திறக்கவே திறக்காது. எந்த ரோம் போட்டாலும் இந்தக் கதைதான். அந்த ஆப் இல்லாமல் முடியாது என்றால், வேறொரு போனில் அதை வைத்துக்கொண்டு அப்புறம் இறங்குங்கள்.

பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். படங்களை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கூகுள் ஆப் வேண்டுமானால், லீனேஜை ஏற்றியதும் ரிக்கவரியிலிருந்து (ரோம் ஏற்றும் தனித் திரை) வெளியே வராமல் ஜிஆப்ஸையும் (கூகுள் ஆப்களின் தொகுப்பு) ஏற்றிவிடுங்கள். நான் அவசரப்பட்டு முதலில் போனை பூட் செய்துவிட்டு, பிறகு ஜிஆப்ஸ் போட்டேன். 'கூகுள் பிளே சர்வீசஸ் நின்றுவிட்டது' என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

சரி, போன் மாடலைச் சொல்லுங்கள், கோட்நேமைப் பார்த்துச் சொல்கிறேன்.