1099 கேள்வி பதில்: பிப்ரவரி 2-க்குள் எது, மார்ச் 31-க்குள் எது?

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழர்களுக்கான பகுதி இது. 2025-ல் ஊழியர் அல்லாதவர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் கொடுத்த பணத்துக்கு 2026-ல் தர வேண்டிய 1099 படிவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அந்த ஆளுக்கும் ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறைக்கும் சொல்லும் படிவம் அது. பதில் சொல்பவர் வரித்துறையில் பதிவு பெற்ற முகவர்.

எடிசன், கேட்டரிங்: சார், கணக்கு எழுதுறவருக்கு வருஷத்துக்கு 4,800 டாலர், கிச்சன் வாடகை மாசம் 3,000, குழாய் ரிப்பேருக்கு 450. எல்லாமே செக். மொத்தத்துக்கும் 1099-மிஸ்க் போட்டு மார்ச் கடைசியில அனுப்பினா போதும்தானே?

போதாது. மூன்றும் மூன்று விதம்.

கணக்கு எழுதுபவருக்குக் கொடுத்தது உழைப்புக்கான கூலி. அது 1099-என்இசி, பெட்டி 1. 2020-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து இதற்குத் தனிப் படிவம். அவர் கைக்கும் ஐஆர்எஸ் கைக்கும் ஒரே நாளில் போக வேண்டும்: ஜனவரி 31. இந்த வருஷம் அது சனிக்கிழமை என்பதால் பிப்ரவரி 2, திங்கள்.

வாடகை 1099-மிஸ்க், பெட்டி 1. உரிமையாளர் தனி ஆளாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால் படிவம் தர வேண்டும். கார்ப்பரேஷன் என்றால் வேண்டாம். வாடகையைப் பராமரிப்பு ஏஜென்ட்டிடம் கட்டினால் உங்களுக்கு வேலை இல்லை, ஏஜென்ட்தான் உரிமையாளருக்குப் படிவம் தருவார். நீங்கள் சொல்லும் மார்ச் 31, மிஸ்க்கை மின்வழியில் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும் கடைசி நாள். தாளில் அனுப்பினால் மார்ச் 2. உரிமையாளரின் காப்பி மட்டும் அப்போதும் பிப்ரவரி 2-க்குள் போயாக வேண்டும். மார்ச் 31 என்று காதில் விழுந்ததும் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

குழாய்க்காரருக்கு வருஷம் முழுக்கவே 450தான் என்றால் அது 600 டாலர் வரம்புக்குக் கீழே, படிவம் வேண்டாம். பில்லுக்குப் பில் பார்க்காதீர்கள், ஒரே ஆளுக்குப் போன மொத்தத்தைப் பாருங்கள். அவர் போட்ட குழாய், வால்வு விலையும் கூலியோடு சேர்ந்துதான் கணக்கு.

தாமதமானால், 30 நாளுக்குள் கொடுத்தால் படிவத்துக்கு 60 டாலர், ஆகஸ்ட் 1-க்குள் 130, அதற்குப் பிறகு 340. ஐஆர்எஸ்ஸுக்குப் போகாததற்கு ஒன்று, ஆளுக்குக் கொடுக்காததற்கு இன்னொன்று என்று இரண்டு அபராதம். மறந்தே போன ஒரு என்இசிக்கு 680 வரை ஆகும்.

சியாட்டில், மொழிபெயர்ப்புச் சேவை: வரம்பு 600-ஆ 2,000-ஆ? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

2025-ல் கொடுத்த பணத்துக்கு 600. 2026 ஜனவரி 1 முதல் கொடுப்பதற்கு 2,000. அதற்கான படிவம் 2027-ல். ராயல்டிக்கு எப்போதும் 10 டாலர்தான்.

பிளேனோ, மென்பொருள் சப்-கான்ட்ராக்டிங்: ஆள் எல்எல்சி வெச்சிருக்கார். எல்எல்சின்னா 1099 வேண்டாமே?

எல்எல்சி என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் தன் பெயரும் வரி எண்ணும் எழுதித் தந்த டபிள்யூ-9 படிவத்தை எடுத்து 3-ஏ வரியைப் பாருங்கள். எல்எல்சி கட்டத்தில் டிக் அடித்துப் பக்கத்தில் சி அல்லது எஸ் என்று எழுதியிருந்தால் அது கார்ப்பரேஷனாக வரி கட்டுகிறது, படிவம் வேண்டாம். பி என்றிருந்தால் பார்ட்னர்ஷிப், வேண்டும். ஒரே ஆளின் எல்எல்சி என்றால் முதல் வரியில் அந்த ஆளின் பெயர், இரண்டாம் வரியில் கம்பெனிப் பெயர், கீழே ஆளின் சொந்த எண் இருக்க வேண்டும். பலர் முதல் வரியில் எல்எல்சி பெயரையும் கீழே எல்எல்சியின் ஈஐஎன் என்ற தொழில் வரி எண்ணையும் எழுதித் தருகிறார்கள். நீங்கள் அதை அப்படியே தட்டச்சு செய்தால் பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று பின்னால் ஐஆர்எஸ்ஸிடமிருந்து நோட்டீஸ் வரும்.

வக்கீல் கட்டணத்துக்கும் மருத்துவச் சேவைக்கும் கார்ப்பரேஷன் விலக்கு கிடையாது.

இதை இன்று பல முறை சொல்லப்போகிறேன்: டபிள்யூ-9 கைக்கு வந்த பிறகுதான் முதல் செக்.

நேப்பர்வில், நடனப் பள்ளி: அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் வாசிச்சவருக்கு 1,500 ஸெல்லில் அனுப்பினேன். பாடினவருக்கு 2,000, பேபால் பிசினஸ் கணக்குக்கு. ரெண்டு பேரும் இங்கேயே குடியிருக்கிறவங்க.

மிருதங்கக்காரருக்கு என்இசி உண்டு. ஸெல் வங்கியிலிருந்து வங்கிக்குப் பணத்தை நகர்த்துவதோடு சரி, கார்டு, இடைத்தரகர் நிறுவனங்கள் தரும் 1099-கே படிவத்தை அது தராது. ஆகவே அது செக் மாதிரிதான். பாடியவருக்கு வேண்டாம். கார்டில் கொடுத்ததும், பேபால் போன்ற இடைத்தரகர் வழியாகப் பொருளுக்கோ சேவைக்கோ என்று கொடுத்ததும் 1099-கே கணக்கில் போய்விடும்.

ஆர்லாண்டோ, பிரிண்டிங்: 600-ன்னு வெச்சுக்கறதா, 2,000-ன்னா?

சியாட்டில் பதிலைப் பாருங்கள்.

எடிசன் மறுபடியும்: சார், பேபால் பதில்ல எனக்கு சந்தேகம். 20,000 டாலருக்கு மேல, 200 பரிவர்த்தனைக்கு மேல இருந்தாத்தானே பேபால் 1099-கே தரும்? பாடினவருக்கு 2,000தான். பேபாலும் தராது, பள்ளியும் தராதுன்னா அந்தப் பணம் யார் கணக்குலயும் வராதே? அப்போ பள்ளிதான் தரணும்.

கேட்க நியாயமாக இருக்கிறது, விதி வேறு. வரித்துறையின் 1.6041-1 விதி இந்த இடத்தைக் குறிப்பாகவே தொடுகிறது: இடைத்தரகர் வழியாகப் போன பணமா என்று பார்க்கும்போது அந்தக் குறைந்தபட்ச வரம்பை இல்லாததாகவே வைத்துப் பார்க்க வேண்டும். பேபால் படிவம் அனுப்பினதா இல்லையா என்பது பள்ளிக்குத் தேவையில்லாத கேள்வி. பணம் எந்த வழியில் போனது என்பதுதான் கேள்வி.

பிளேனோ: இருந்தாலும் பாதுகாப்புக்கு ஒரு என்இசி போட்டுட்டா என்ன சார் நஷ்டம்?

நஷ்டம் பாடகருக்கு. அவர் வருஷம் முழுக்க நிறையக் கச்சேரி செய்து 1099-கேயும் வாங்கியிருந்தால் அதே 2,000 ஐஆர்எஸ் கணிப்பொறியில் இரண்டு முறை ஏறும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக அவருக்குக் கடிதம் வரும். நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். பாதுகாப்புக்கு என்று படிவம் போடாதீர்கள்.

எடிசன்: பேபால்ல 'நண்பர், குடும்பம்'னு போட்டு அனுப்பியிருந்தா?

அப்போது நீங்கள் சொல்வது சரி. அது சேவைக்கான பரிவர்த்தனையாகவே பதிவாகாது, பேபால் அதை 1099-கேயில் சேர்க்காது. பள்ளிதான் என்இசி தர வேண்டும். கமிஷன் மிச்சம் என்று தொழில் பணத்தை இந்த வழியில் அனுப்புகிறவர்கள் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வங்கி அறிக்கையில் 'பேபால்' என்று மட்டுமே இருக்கும், எந்த வகை என்று தெரியாது. வென்மோவுக்கும் இதேதான். இந்தப் பேச்சை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சான் ஹோசே: சொந்த வீட்டுக் குளியலறை மாத்தி கட்டினதுக்கு 14,000 கொடுத்தேன்.

தொழில் செலவு இல்லை. படிவம் வேண்டாம்.

ஷார்லட், ஹெச்-1பி விசாவில் இருப்பவர்: வார இறுதியில ஒரு வேலை செஞ்சு 1099 வாங்கிக்கலாமா?

இது குடியேற்றக் கேள்வி. வேலையைத் தொடங்கும் முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஹூஸ்டன், துப்புரவுச் சேவை: ஒருத்தருக்கு 7,200 செக்கா கொடுத்தாச்சு. இப்ப வரி எண் கேட்டா போனையே எடுக்க மாட்டேங்கிறார்.

டபிள்யூ-9 இல்லாமல் செக் போனதால் வந்த வினை இது. இப்போது செய்ய வேண்டியது: வெற்று டபிள்யூ-9 ஒன்றைக் கடிதத்தோடு அனுப்புங்கள், அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் பிப்ரவரி 2-க்குள் எண் கட்டத்தைக் காலியாக விட்டு என்இசியைத் தாக்கல் செய்யுங்கள். எண்ணுக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிடுவது இரண்டாவது தவறு. நீங்கள் கேட்டதற்கான ஆதாரம்தான் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும்போது கைகொடுக்கும்.

இனி அவருக்குக் கொடுக்கும் பணத்தில் 24% பிடித்து ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். எண் தராதவருக்கு இது கட்டாயம். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையை உங்களிடமே கேட்கலாம். அப்படிப் பிடித்தது 945 படிவத்தில் வரும். 2026-ல் பிடிப்பதற்கு 2027-ல் 945.

டெட்ராய்ட், தமிழ்ச் சங்கப் பொருளாளர்: நாங்க லாப நோக்கமில்லாத அமைப்பு. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் மலர் வடிவமைச்சுக் கொடுத்தார், 900. சென்னையில இருந்து வந்து இங்கே கச்சேரி செஞ்சவருக்கு 3,000.

லாப நோக்கமில்லாத அமைப்புக்கும் இந்தக் கடமை உண்டு. ஆனால் இந்த இருவருக்கும் 1099 கிடையாது.

கோயம்புத்தூர்க்காரர் அமெரிக்கக் குடிமகனோ வரிக்குரிய குடியிருப்பாளரோ இல்லை, வேலையும் முழுக்க அங்கேயே நடந்தது. அவரிடம் டபிள்யூ-8பென், அதாவது தான் வெளிநாட்டவர் என்று அவரே எழுதித் தரும் படிவம், வாங்கிக் கோப்பில் வையுங்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் முடிவு வரை செல்லும்.

சென்னைக் கலைஞர் விஷயம் பெரியது. அமெரிக்க மேடையில் பாடியதால் அது அமெரிக்க வருமானம். பொதுவாக 30% பிடித்தம், 1042 மற்றும் 1042-எஸ் படிவங்கள். இவற்றுக்குக் கடைசி நாள், மார்ச் 15 ஞாயிறு என்பதால், மார்ச் 16. பிடிக்காமல் முழுத் தொகையும் கொடுத்திருந்தால் உடனே இதில் பழக்கமுள்ள கணக்காளரிடம் போங்கள், அந்த வரிக்குச் சங்கமே பொறுப்பாகும்.

அட்லான்டா, டிரக்கிங்: மொத்தம் 8 என்இசி, ஊழியர்களுக்கு 4 டபிள்யூ-2. ஐஆர்எஸ் தளத்துல இருந்து பிரிண்ட் எடுத்துத் தாள்லயே அனுப்பிடலாமா?

இரண்டு காரணத்தால் முடியாது. 10 படிவமோ அதற்கு மேலோ இருந்தால் மின்வழித் தாக்கல் கட்டாயம், டபிள்யூ-2வும் அந்த எண்ணிக்கையில் சேரும். உங்களுக்கு 12. அடுத்தது, தளத்தில் இருக்கும் சிவப்பு 'காப்பி ஏ' பார்ப்பதற்கு மட்டுமே. வீட்டு பிரிண்டரில் எடுத்தால் அவர்கள் ஸ்கேனர் படிக்காது, அதற்கும் அபராதம் உண்டு.

ஐஆர்எஸ்ஸின் ஐரிஸ் தளம் இலவசம். ஆனால் நுழைய டிசிசி என்ற ஐந்து எழுத்துக் குறியீடு வேண்டும், விண்ணப்பித்துக் கிடைக்க 45 நாள் வரை ஆகலாம். ஏற்கனவே வாங்கி வைக்காதவர்கள் இந்த முறை கட்டண மென்பொருள் வழியாகவே அனுப்புங்கள், குறியீட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

டாம்பா: 2,000-க்குக் கீழேன்னா இந்த வருஷம் வேண்டாம்தானே சார்?

மூன்றாவது முறை. 2025-ல் கொடுத்த பணத்துக்கு 600.

ராலே, கட்டுமானம்: பிப்ரவரி 2-க்குள்ள முடியாது. அவகாசம் கேட்கலாமா?

மிஸ்க்குக்கு 8809 படிவம் கொடுத்தால் கேள்வியில்லாமல் 30 நாள் கிடைக்கும். என்இசிக்கு அப்படித் தானாகக் கிடைக்காது: தாளில் விண்ணப்பிக்க வேண்டும், பேரிடர், கடுமையான நோய், தொழில் தொடங்கிய முதல் ஆண்டு போன்ற காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். 'வேலை அதிகம்' அந்தப் பட்டியலில் இல்லை. 8809 ஐஆர்எஸ்ஸுக்குப் போகும் படிவத்துக்கு மட்டுமே. ஆளுக்குக் கொடுக்கும் காப்பிக்கு அவகாசம் வேண்டுமென்றால் 15397 என்ற தனிப் படிவம். கையில் இருப்பதை முதலில் அனுப்புங்கள். 10 பேரில் 7 பேரின் விவரம் தயார் என்றால் அந்த 7 பேர் தேதிக்குள் போகட்டும்.

எடிசன்: கடைசியா ஒண்ணு சார். போன வாரமே மென்பொருள்ல வாடகை 36,000-ஐ என்இசில போட்டு அனுப்பிட்டேன். உரிமையாளர் தனி ஆள்தான்.

படிவ வகையே தவறு என்பதால் இரண்டு படி. முதலில் அதே பெயர், அதே எண்ணோடு இன்னொரு என்இசி. 'திருத்தப்பட்டது' கட்டத்தில் டிக், தொகை 0. அடுத்து புதிதாக 1099-மிஸ்க், பெட்டி 1-ல் 36,000. இதில் திருத்தக் கட்டத்தைத் தொடக் கூடாது, இது முதல் முறை தாக்கலாகும் படிவம். இரண்டின் காப்பியும் உரிமையாளருக்குப் போகட்டும். இன்றே செய்யுங்கள். அவர் என்இசியைப் பார்த்து 36,000-ஐயும் சுயதொழில் வருமானமாகக் காட்டிவிட்டால் வாடகைக்கு இல்லாத 15.3% சுயதொழில் வரியையும் சேர்த்துக் கட்டிவிடுவார்.