ரேட்டிங் 5 என்றால் அந்த மிடில் ஸ்கூல் வேண்டாமா?

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு வேலை மாறுகிறது, கோடையில் கலிபோர்னியாவுக்கு, சாக்ரமென்டோ பக்கம் குடிபோகிறார்கள், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பிடித்துப்போன வீட்டுக்கு உரிய அரசு மிடில் ஸ்கூலுக்கு, வீடு தேடும் தளத்தில் 10க்கு 5 போட்டிருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் வருமானம் குறைந்த குடும்பம், நாலில் ஒருவர் இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர். "கடன் கூடினாலும் பரவாயில்லை என்று 9 போட்ட ஏரியாவுக்கே போய்விடலாமா?" என்று கேட்கிறார்.

அந்த 5-ஐ மட்டும் பார்த்து வீட்டை விட்டுவிடாதீர்கள். பள்ளியின் சராசரி மதிப்பெண், எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி எவ்வளவு சொல்லிக்கொடுத்தது என்பது வேறு கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுக்கச் சுமார் 11,000 பள்ளி மாவட்டங்களின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளின், தேர்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டியே போகிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் அவ்வளவு தொடர்பு இல்லை. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த சிகாகோவில், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்புக்கு ஈடாக முன்னேறியிருந்தார்கள்.

சரி, இது எப்படி நடக்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளியில் 80 சதவீதம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் 70 சதவீதம் பேர் கணக்கில் தேறுகிறார்கள். மீதி 20 சதவீதம் வசதி குறைந்தவர்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் தேறுகிறார்கள். மொத்தம் 62. இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 40 சதவீதம்தான், ஆனால் அவர்களில் 75 சதவீதம் பேர் தேறுகிறார்கள், வசதி குறைந்தவர்களில் 35 சதவீதம். மொத்தம் 51. இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது பள்ளிதான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது, ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் முதல் பள்ளிதான் மேலே நிற்கும்! உங்கள் மகள் சராசரியில் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை, அதனால் குழு வாரியான எண்ணைத் தேடுங்கள்.

அது கிடைக்கும் இடம் காஸ்ப் என்று சொல்லப்படும் மாநிலத் தேர்வின் முடிவுத் தளம். 3 முதல் 8 வரையும் 11ஆம் வகுப்பிலும் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் இந்தத் தேர்வு உண்டு. பள்ளிப் பெயரைப் போட்டு, வருமானம், இனம், பெற்றோர் படிப்பு, மொழி என்று பிரித்துப் பார்க்கலாம். முதலில் மாநில நிலவரத்தை மனதில் வையுங்கள். கணிதத்தில் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 2019இல் சுமார் 40 சதவீதம், கோவிட் அடித்த அடியில் சரிந்து 2024இல் 35.5 சதவீதம். ஒரு பள்ளியில் 38 என்று பார்த்தால் நம் ஊர் பாஸ் மார்க்கை நினைத்து நமக்குப் பகீர் என்கிறது, ஆனால் அது மாநில அளவுக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஆங்கிலம் கற்பவர்கள் என்ற குழுவின் எண்ணைப் பார்த்துதான் பலரும் பயப்படுகிறார்கள். அது எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஆங்கிலம் நன்றாக வந்த பிள்ளையை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள், புதிதாக வந்தவர்களும் இன்னும் தட்டுத்தடுமாறுபவர்களும்தான் அதில் மிஞ்சுவார்கள். அதே தளத்தில், அந்தக் கட்டத்தைத் தாண்டி வெளியே வந்தவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. அது நன்றாக இருந்தால் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் உண்மையாகவே உழைக்கிறார்கள் என்று நம்பலாம்.

அப்புறம் ஒரே செட் பிள்ளைகளைத் தொடர்ந்து பாருங்கள். 2022இல் ஆறாவது, 2023இல் ஏழாவது, 2024இல் எட்டாவது, இவர்கள் ஏறக்குறைய ஒரே பிள்ளைகள். கணிதத்தில் தரத்தை எட்ட ஆறாவதில் 2552 மதிப்பெண் வேண்டும், எட்டாவதில் 2586, ஆக ஒவ்வொரு வருடமும் கோடு மேலே போகிறது. கோட்டுக்கும் இவர்களின் சராசரிக்கும் உள்ள இடைவெளி வருடா வருடம் குறைந்தால் பள்ளி தன் வேலையைச் செய்கிறது. 9 போட்ட பள்ளிக்கும் இதையே செய்து பாருங்கள். உயரத்தில் தொடங்கி அங்கேயே நிற்கிற பள்ளிகளும் உண்டு.

பள்ளிகளின் நிலையைக் காட்டும் மாநிலத்தின் டாஷ்போர்டு தளத்தில் சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்கள் இருக்கும். அதில் நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைத்தான். அதோடு சஸ்பென்ஷன் விகிதம். 11, 12 வயதில் பிள்ளைக்குப் பள்ளிக்குப் போகப் பிடிக்கிறதா, அங்கே பயமில்லாமல் இருக்கிறதா என்பதை இந்த இரண்டும்தான் ஓரளவு காட்டும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். பாதிப் பேர் ஏழைக் குடும்பம் என்பதை நம்மவர்கள் ஒரு ஆபத்து மாதிரி பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இங்கே வந்தோம்? நிதி விஷயத்திலும் அது குறை அல்ல. 2013இல் வந்த நிதிச் சட்டப்படி, வருமானம் குறைந்த, ஆங்கிலம் கற்கிற, வளர்ப்பு இல்லத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி மாவட்டத்துக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது, இவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் கூடுதல். அதை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்ற திட்டத்தை எல்கேப் என்பார்கள், எவரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

அதற்காக எந்தப் பள்ளியும் சரி என்று நான் சொல்லவில்லை. நேரில் போய்க் கணிதப் பாதையைக் கட்டாயம் கேளுங்கள். எட்டாவதில் அல்ஜீப்ரா உண்டா, பிள்ளைகளை வேகமான கணித வகுப்புக்கு ஆறாவதிலோ ஏழாவதிலோ எப்போது பிரிக்கிறார்கள், வெளி மாநிலத்திலிருந்து வரும் பிள்ளையை எதை வைத்து எங்கே போடுகிறார்கள்? சான் பிரான்சிஸ்கோவில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை 2014இல் எடுத்துவிட்டு, 2024இல் மக்கள் வாக்களித்து மறுபடி கேட்கும் அளவுக்குப் போனது. ஆக மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும். பதில் மழுப்பலாக வந்தால் மட்டும் நான் அடுத்த பள்ளியைப் பார்ப்பேன்.

சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி தமிழ் என்று எழுதினால், பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தயங்காமல் உண்மையை எழுதுங்கள், ஆனால் மகளிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, வாய் திறந்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளை ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் போய்விடலாம். அப்படிப் போனால் தினமும் ஆங்கிலத்துக்கென்று தனி நேரம் ஒதுக்குவார்கள், சில பள்ளிகளில் அதற்காக அவள் ஆசைப்படும் இசையையோ ஓவியத்தையோ விட வேண்டி வரும்.