டாக் வாங்கும் முன் சார்ஜரைப் பாருங்கள்

கையடக்கக் கேம் கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியைக் கடைக்காரர்கள் ‘டாக்’ என்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதாம். ஓணத்துக்கு ஊர் வந்த வளைகுடா உறவினர்களின் பெட்டிகளில் கன்சோல்களும் வந்து இறங்கியிருக்கின்றன போலும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: துபாயிலிருந்து வந்த மைத்துனர் நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி ஒன்றைத் தந்தார்; டாக் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அசல் டாக் விலை கட்டுப்படியாகவில்லை. வேறு நிறுவனத்தின் டாக் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கன்சோல் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

அந்தப் பயம் காரணமில்லாமல் பிறந்ததன்று. 2018 மார்ச் மாதம் ஸ்விட்ச்சுக்கு 5.0 என்ற மென்பொருள் வந்த பிறகு, பிற நிறுவன டாக்குகளில் வைத்த சில கன்சோல்கள் மீண்டும் இயங்கவே இல்லை என்று பல நாடுகளிலிருந்து புகார்கள் எழுந்தன. டைப்-சி துளையின் வடிவம் எங்கும் ஒன்றுதான் என்றாலும், அதன் வழியே எத்தனை வோல்ட் போக வேண்டும் என்பதைச் சார்ஜரும் டாக்கும் கன்சோலும் ஒவ்வொரு முறையும் தமக்குள் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை நடத்தும் சில்லில் காசு மிச்சம் பிடித்த டாக்கை நம்பிக் கன்சோலை ஒப்படைக்க முடியாது. எனவே ஸ்விட்ச்சின் பெயரை வெளிப்படையாகப் போட்டு, இறக்குமதியாளரின் பெயரையும் முகவரியையும் அட்டையில் அச்சிட்டிருக்கும் டாக்கை மட்டும் பாருங்கள். வெறும் வெள்ளை அட்டையில் வருவது 500 ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

டாக்கைவிடச் சார்ஜர் முக்கியம். ஸ்விட்ச்சின் அசல் சார்ஜர் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட் தருகிறது. தொலைக்காட்சியில் படம் வர அந்த 15 வோல்ட் தேவை. இதைப் பட்டுத்தான் கற்றேன். என் முதல் டாக்கில் படம் வராததால் கடைக்காரரோடு சண்டை போட்டு இரண்டாவது ஒன்றை வாங்கினேன்; அதிலும் வரவில்லை. குற்றவாளி என் கைப்பேசியின் 80 வாட் சார்ஜர். அந்த 80 வாட்டும் அந்தக் கைப்பேசிக்கு மட்டுமே கிடைக்கும் என்பதும், பிற கருவிகளுக்கு அது 15 வோல்ட்டே தராது என்பதும் அதன் அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தன. மைத்துனர் அசல் சார்ஜரைக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். தடித்த மூன்று முனைகள் நம் சுவரில் நுழையாது என்பதால் மாற்று பிளக் ஒன்று போதும்.

நெய்யாற்றின்கரை: மகனுக்கு ஸ்விட்ச் லைட் வாங்கினேன். அதற்குப் பொருந்தும் டாக் எது?

எதுவும் இல்லை. லைட் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பவே அனுப்பாது. அது அட்டையிலேயே இருக்கிறது.

செங்கோட்டை: ‘4கே’ என்று பெரிதாகப் போட்டிருந்த டாக்கை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். நண்பரின் சாதாரண டாக்கில் தெரிவதற்கும் இதற்கும் ஸ்விட்ச்சில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

ஆம். ஆனால் சட்டம் ‘பொய்’ என்று பிடிக்க முடியாத வகையில் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் நெடுநாள் எரிச்சல். 2017-இல் வந்த ஸ்விட்ச்சும் 2021-இல் வந்த அதன் ஓஎல்இடி வகையும் தொலைக்காட்சிக்கு அனுப்பும் படம் அதிகபட்சம் 1920-க்கு 1080 புள்ளிகள். 4கே என்பது 3840-க்கு 2160, அதாவது நான்கு மடங்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கன்சோல் தராத புள்ளிகளை டாக் எங்கிருந்து கொண்டுவரும்? அட்டை சொல்வதெல்லாம், யாராவது 4கே படத்தைக் கொடுத்தால் இந்த டாக் அதைக் கடத்தும் என்பதுதான். ‘உங்கள் கன்சோல் கொடுக்காது’ என்ற மறுபாதியை அச்சிட மட்டும் அவர்களுக்கு மை கிடைப்பதில்லை.

அந்தப் பாதி உண்மையிலும் பாதிதான் பல டாக்குகளில் இருக்கிறது. படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பான 1.4, நொடிக்கு 30 படங்கள் என்ற வேகத்தில்தான் 4கேயைக் கடத்தும். 60 வேண்டுமானால் 2013-இல் வந்த 2.0 வேண்டும். அட்டையின் முன்புறம் ‘4கே’ என்று மட்டும் கூவினால் பின்புறத்தில் 30 என்ற எண் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். நான் மட்டும் ஏமாறாதவன் என்று நினைக்காதீர்கள். ‘8கே’ என்று எழுதிய கேபிளை, 8கே எதுவுமே இல்லாத என் வீட்டுக்கு வாங்கி வந்தவன் நான். இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கொழிஞ்சாம்பாறை: ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கன்சோலுக்கு, லேப்டாப்பின் ஒரு டைப்-சி துளையைப் பல துளைகளாக்கும் ஹப் போதுமா?

எச்டிஎம்ஐயும் சார்ஜ் செல்லும் துளையும் இருந்தால் போதும். ஸ்டீம் டெக் ஸ்விட்ச்சைப் போல முரண்டு பிடிப்பதில்லை. அதன் சார்ஜர் 45 வாட். ஹப் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால் 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரை மாட்டுங்கள்.

களியக்காவிளை: கல்லூரி மாணவன். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் 2,200 ரூபாய்க்கு வாங்கிய டாக் நான்காம் நாள் செத்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்கள். வழக்குப் போடுவேன் என்றதற்கு, தமிழ்நாட்டுக்காரன் இங்கே வந்து அலையட்டும் என்று சிரித்தார்கள்.

தம்பி, அவர்கள் சிரித்தது சட்டம் தெரியாமல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்தப் பலகை சுவரில் தொங்கலாம், சட்டத்தின் முன் நிற்காது. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. ஆகவே எல்லை தாண்டி அலைய வேண்டியவர் நீங்கள் அல்லர், அவர். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அவரை வரவழைக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை; இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு.

முதலில் அதே டாக்கை அசல் சார்ஜரோடு மாட்டி, படம் வராததைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ரசீது வாங்காமல் விட்டிருந்தாலும் யுபிஐயில் பணம் போன பதிவு கைகொடுக்கும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

ஆரியங்காவு: சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுத்தோம்; ஆனாலும் ஐப்பசி இடியில் டாக்கும் கன்சோலும் போய்விட்டன. டாக்குக்கு ஓராண்டு வாரண்டி இருக்கிறது. கிடைக்குமா?

கிடைக்காது, இடி உற்பத்திக் குறைபாடு அன்று. மலையடிவாரத்தில் ஐப்பசி மாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். இடியின் மின்சாரம் கேபிள் டிவி வயர் வழியாகவும் செட்டாப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ மூலம் தொலைக்காட்சிக்கும் அடுத்த துளையிலுள்ள டாக்குக்கும் தாவும். வானம் கறுத்ததும் பிளக்கையும் கேபிளையும் எச்டிஎம்ஐயையும் கழற்றி வைப்பதுதான் வழி.

குமுளி: ஸ்விட்ச் 2 வாங்கிவிட்டேன். பழைய ஸ்விட்ச்சின் டாக்கில் வைத்தால் படம் வரவில்லை.

வராது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்குப் பழைய டாக்கும் பொருந்தாது, பழைய 39 வாட் சார்ஜரும் டாக்கில் போதாது. அதன் சார்ஜர் 60 வாட். பிற நிறுவன டாக் வாங்குவதானால் ‘ஸ்விட்ச் 2’ என்ற பெயர் அட்டையில் இருக்கட்டும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் எல்லா விளையாட்டையும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பெட்டியோடு வந்த புதிய டாக்கை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் கடிதத்தில் காணவில்லை.