பெட்டி டிக்கிக்குள் போகுமுன்

விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் வெளிநாட்டு ரக்சிக் காசைப் பற்றியவை. ஆகவே இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: மகனிடம் பாரிஸ் போயிருந்தேன். மகன் விமான நிலையத்துக்கு வரப் பிந்திவிட்டான். உள்ளேயே ஒருவர் வந்து "ரக்சி, ரக்சி" என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். லாச்சப்பலில் இறக்கிவிட்டு 180 யூரோ வாங்கினார். மகன் என்னைத்தான் ஏசுகிறான். (64 வயது அம்மா, பரந்தன்)

பதில்: அம்மா, பிழை உங்களுடையதல்ல. இதை மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். சார்ள் து கோல் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் வர 2016 முதல் நிலையான கட்டணம்தான். இப்போது சேன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. லாச்சப்பல் வலது கரையில் இருக்கிறது. வீதி நெரிசலைக் காட்டி அதற்கு மேல் கேட்க முடியாது. உரிமம் உள்ள ரக்சிகள் வெளியே வரிசையில் நிற்கும், கூரையில் விளக்குப் பலகை இருக்கும். உள்ளே வந்து ஆள் பிடிக்கிறவரோடு போகக் கூடாது. 25 யூரோவுக்கு மேல் போனால் பற்றுச்சீட்டு கொடுப்பது அங்கே சட்டம். உங்களிடம் அது இல்லை, ஆகவே அந்தக் காசு திரும்புவது கடினம். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தம்பி, அடுத்த முறை பிந்துவீர்கள் என்றால் உங்கள் முகவரியையும் 56 என்ற எண்ணையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் இருக்கச் செய்யுங்கள். கூட ஒருவர் வந்தால் ஆர்இஆர் பி ரயிலில் கார் து நோர் நிலையம் வரை வரலாம். அங்கிருந்து லாச்சப்பல் நடை தூரம்.

கேள்வி: சிங்கப்பூரில் இரவு ஒரு மணிக்கு ரக்சி பிடித்தேன். மீற்றர் காட்டியதற்கு மேல் பாதி கூட்டி எடுத்தார்கள். முறையிடலாமா? (வவுனியா)

பதில்: முடியாது. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அங்கே 50 வீதம் கூடுதல், அது முறையான கட்டணம்.

கேள்வி: அம்மாவின் கண் வைத்தியத்துக்குச் சென்னை போகிறோம். ரக்சி, ஓட்டோவில் ஏமாறாமல் இருக்க என்ன வழி, அக்கா? (புதுக்குடியிருப்பு)

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடமாக என் மனதில் கிடக்கிற விஷயம்.

கிளிநொச்சியில் பஸ் நிலையத்தடியில் ஓட்டோவில் ஏறுகிறோம். வீட்டு வாசலில் இறங்கி, "எவ்வளவு தம்பி?" என்று கேட்கிறோம். அவன் தெரிந்த பிள்ளை, நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவன், நியாயமாகச் சொல்வான். அந்தப் பழக்கத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம். விலை கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். முன்பின் தெரியாத ஊரில் விலை கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை!

நானும் இதில் அகப்பட்டவள். சில வருடங்களுக்கு முன் அம்மாவோடு சென்னை விமான நிலையத்தில் இறங்கி, வடபழனிக்கு ஒரு காரில் ஏறினேன். ஏறிய பிறகுதான் மீற்றர் மேல் ஈரத் துவாய் கிடந்ததைக் கண்டேன். எவ்வளவு என்றேன். "பார்த்துக் குடுங்கம்மா" என்றார். இறங்கும்போது 1,800 இந்திய ரூபாய் கேட்டார். அம்மாவின் மருந்துப் பை டிக்கியில், டிக்கி பூட்டில், சாவி அவர் கையில். கொடுத்தேன். ஆலந்தூரில் மாறினால் வடபழனிக்கே மெட்ரோ ரயில் போகும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. பெட்டி டிக்கிக்குள் போய்விட்டால் பேரம் முடிந்தது. அதற்கு முதல் பேசுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. ரக்சி அழைக்கும் ஊபர் செயலியை இங்கேயே போனில் ஏற்றி, உங்கள் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். அதற்கான குறுஞ்செய்தி ஊர் சிம்முக்குத்தான் வரும். நம் ஊர் பிக்மீ செயலி அங்கே இயங்காது. கட்டணத்துக்குக் காசு என்று தெரிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் முன்பணம் கட்டும் ரக்சிக் கூண்டும் உண்டு. அங்கே தருகிற சீட்டை, இறங்கிய பிறகுதான் சாரதியிடம் கொடுக்க வேண்டும். ஓட்டோவுக்கு 2013-இல் தமிழக அரசு முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீற்றருக்கு 12 என்று வைத்தது. அந்த விலைக்கு ஒருவரும் வரமாட்டார்கள், ஆனாலும் பேரம் பேச அந்த எண் கையில் இருக்கட்டும். அப்புறம், அவர்கள் சொல்லும் ரூபாய் நம் ரூபாய் அல்ல. மூன்றால் பெருக்கினாலும் போதாது. "ஐந்நூறுதானே" என்று தலையாட்டாதீர்கள்.

கேள்வி: பாங்கொக்கில் 20 பாத்துக்கு ஊர் முழுக்கக் காட்டுவதாக ஒரு துக்துக்காரர் சொன்னார். அரண்மனை இன்று பூட்டு என்று சொல்லி ஒரு கல் கடைக்குக் கூட்டிப்போனார். நீலக்கல் மோதிரம் வாங்கினேன். இங்கே காட்டினால் பெறுமதி இல்லை என்கிறார்கள். (மாங்குளம்)

பதில்: தம்பி, அங்கே மீற்றர் ரக்சியில் ஏறி உட்கார்ந்தாலே 35 பாத்து. 20 பாத்துக்கு நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்குப் பெற்றோலுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கடைக்காரர் கொடுக்கும் தரகுக் காசு அது. பூட்டு என்று சொன்னவரை நம்பி, அரண்மனை வாசல் வரைக்கும்கூட நீங்கள் போய்ப் பார்க்கவில்லை. இரத்தினபுரி இருக்கிற நாட்டவர் நீலக்கல்லைப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வாங்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: கோலாலம்பூரில் 50 ரிங்கிட் தாள் கொடுத்தேன். சாரதி 5 ரிங்கிட் தாளைக் காட்டி, "இதைத்தான் தந்தீர்கள்" என்றார். இன்னொரு 50 கொடுத்தேன். (முல்லைத்தீவு)

பதில்: இரண்டு தாளிலும் பச்சை நிறம் உண்டு, இரவில் அதைவைத்துத்தான் மாற்றுகிறார்கள். கொடுக்கும்போதே "ஐம்பது" என்று வாய்விட்டுச் சொல்லி, மிச்சக்காசு கைக்கு வரும்வரை கதவைத் திறக்காமல் இருங்கள்.