1871-ஐ ஒரே புரட்சியாக எழுதலாமா?

வணக்கம். ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் என்ற பொருளியலாளர் மூவரையும் ஒரே சிந்தனைப் பள்ளியாக எழுதிய ஆய்வேட்டு அத்தியாயத்தை நெறியாளர் திருப்பி அனுப்பியதன் காரணம் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய மறுப்பு நியாயமானது என்றே கருதுகிறேன்.

மான்செஸ்டரில் கற்பித்த ஜெவன்ஸும் வியன்னாவின் மெங்கரும் 1871-இலும், லோசானில் இருந்த வால்ராஸ் 1874-இலும் வெளியிட்ட நூல்கள் தனித்தனியே உருவானவை. ஒரு பொருளின் மதிப்பை உழைப்பால் அன்றி இறுதிநிலைப் பயன்பாட்டால், அதாவது அப்பொருளின் கூடுதல் ஓர் அலகு தரும் பயனால், விளக்க வேண்டும் என்பதே அவற்றுக்குப் பொதுவானது. ஜெவன்ஸ், ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாமின் வழியில், இன்பதுன்பங்களை நுண்கணிதத்துக்குள் கொண்டுவர முயன்றார். வால்ராஸ் எல்லாச் சந்தைகளும் ஒருங்கே அடையும் சமநிலையைச் சமன்பாடுகளால் நிறுவ விரும்பினார். மெங்கரோ கணிதத்தை நாடாமல், மனிதத் தேவையில் தொடங்கி, நுகர்பொருளுக்கு நாம் தரும் மதிப்பே அதை ஆக்கும் நிலத்துக்கும் கருவிக்கும் உழைப்புக்கும் பின்னோக்கிச் சென்று சேர்கிறது என்ற காரணகாரியத் தொடரை விளக்கினார். உற்பத்திச் செலவே மதிப்பைத் தருகிறது என்ற, முந்தைய ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோவின் மரபை இது தலைகீழாக்குவதால், அவருக்குத் தனிப் பகுதியே ஒதுக்கலாம்.

இந்த மாற்றத்தைக் குறிக்கும் ‘புரட்சி’ என்ற சொல்லையும் கவனத்துடன் கையாளுங்கள். ஜெர்மானியரான கோசென் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கருத்தை 1854-லேயே எழுதியிருந்தார். அந்நூலைப் பற்றி 1878-இல்தான் அறிந்த ஜெவன்ஸ், அடுத்த ஆண்டு வெளிவந்த தம் இரண்டாம் பதிப்பில் கோசெனே முதலில் சொன்னவர் என்பதை மனமுவந்து ஏற்றார். மூவரின் பொது முடிவை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, மீதி இடத்தை வேறுபாடுகளுக்குக் கொடுத்துத் திருத்தி எழுதுங்கள்.