எவரெஸ்டிலிருந்து லோட்சேக்கு

கேள்வி: எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட சிலர் மறுநாளே பக்கத்துச் சிகரமான லோட்சேயிலும் ஏறிவிட்டதாகச் செய்திகளில் படிக்கிறோம். இரண்டுக்கும் இடையே மலைமுகட்டின் மீதே நடந்து சென்றுவிடுகிறார்களா? (ஈரோடு வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை. எவரெஸ்டையும் (8,849 மீட்டர்) லோட்சேயையும் (8,516 மீட்டர்) ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்திலுள்ள தெற்குக் கணவாய் இணைக்கிறது என்றாலும், அங்கிருந்து லோட்சேக்குச் செல்லும் கூரிய முகட்டில் இவர்கள் கால்வைப்பதில்லை. அடிவார முகாமிலிருந்து கும்பு பனியருவியை, அதாவது சரிவில் உடைந்து பிளந்து கிடக்கும் பனியாற்றை, கடந்து, லோட்சேயின் பனிச்சரிவிலுள்ள மூன்றாம் முகாமுக்குச் சற்று மேல்வரை இரு சிகரங்களுக்கும் வழி ஒன்றுதான். ஆகவே எவரெஸ்ட் உச்சியிலிருந்து கணவாய்க்கு இறங்கியவர், சற்று இளைப்பாறிவிட்டு, வந்த வழியிலேயே கொஞ்சம் கீழிறங்கி லோட்சேயின் நான்காம் முகாமை அடைந்து, அங்கிருந்து மேலே ஏறுகிறார். அமெரிக்க வழிகாட்டி மைக்கேல் ஹார்ஸ்ட் 2011இல் இரண்டு உச்சிகளையும் 24 மணி நேரத்துக்குள் தொட்டார்.

இதில் மிச்சமாவது, மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்கச் செலவாகும் பல வாரங்கள். ஷெர்பாக்கள் கட்டிவைத்த கயிறுகளும் பெரும்பகுதி பொதுவானவை. பணம் அவ்வளவாக மிச்சமாகாது. லோட்சேக்குத் தனி அனுமதி வாங்கியாக வேண்டும். உடல் வலிமையோ மிச்சமாவதே இல்லை. அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் படுத்துக்கிடந்தாலும் களைப்பு தீராது. லோட்சேயின் கடைசி ஏற்றமோ இருபுறமும் பாறை நெருக்கும் ஒடுங்கிய பனி இடுக்கு. மேலே செல்பவரின் காலில் பட்டுப் பெயரும் கல், பின்னால் வருபவரை நோக்கித்தான் உருளும், ஒதுங்கவும் இடமிராது.

கயிறும் முகாமும் காத்திருக்கும் இத்தகைய இணைப்பைவிட, இத்தாலிய மலையேறிகளான ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் ஹான்ஸ் கம்மர்லாண்டரும் 1984இல் பாகிஸ்தானின் வடக்கிலுள்ள காரகோரம் மலைத்தொடரில் செய்ததையே நான் மேலாக மதிக்கிறேன். எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய காஷெர்பிரம் 2, காஷெர்பிரம் 1 ஆகிய இரண்டையும், இடையில் அடிவார முகாமுக்குத் திரும்பாமலும் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமலும் ஏறி முடித்தார்கள். வழியில் எங்கும் பொருள்களை முன்கூட்டியே வைத்திருக்கவில்லை என்பதால், கூடாரம் முதல் உணவு வரை எல்லாம் முதுகில்தான் வந்தன. சுமை கூடினால் வேகம் குறைந்து, நல்ல வானிலை கைநழுவிப்போகும். குறைத்தாலோ, பனிப்புயலில் மாட்டிக்கொள்ளும்போது பனியை உருக்கிக் குடிக்கக்கூட எரிவாயு இருக்காது.