காய்ச்சல் விட்ட பிறகும் 14 நாள் மாத்திரை எதற்கு?

சகோதரி, உங்கள் கணவருக்கு வந்தது வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் 3 நாள் போட்டதிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது, அப்புறம் எதற்கு 14 நாள் பிரைமாகுயின், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு.

குளோரோகுயின் கொல்வது ரத்தத்தில் உள்ள கிருமியை. அது சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதில் மிஞ்சும் ஹீம் அதற்கே விஷம் என்பதால், அதைப் பழுப்புத் துகளாகக் கெட்டிப்படுத்தி ஒதுக்கிவிடும். ரத்தப் பரிசோதனையின்போது நுண்ணோக்கியில் அந்தத் துகள் தெரியும். கெட்டிக்கார ஜந்துதான்! குளோரோகுயின் அதன் செரிமானப் பையில் சேர்ந்துகொண்டு, துகளாக விடாமல் தடுக்கிறது. தின்ற சோறே விஷமாகிறது.

ஆனால் வைவாக்ஸ் கல்லீரலிலும் சில கிருமிகளை உறங்கவிட்டிருக்கும். அங்கே ஹீமோகுளோபின் தின்னும் வேலையே இல்லை, குளோரோகுயின் என்ன செய்யும்? வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே அவை விழித்து ரத்தத்துக்கு வரும். அவற்றுக்குத்தான் பிரைமாகுயின். நான் 6ஆம் நாளே விட்டவன். மூன்று மாதத்தில் அதே நடுக்கம், அதே போர்வை.

ஒன்று மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்: ஜி6பிடி பரிசோதனை செய்தார்களா? அந்த நொதி குறைவாக இருந்தால் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள்.